குண்டூசி எடுக்காத சட்டைகள்

செத்தவர்களுக்கு உடுப்புப் போட்டுவிடுவது அவள் வேலை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகையைத் தாண்டி, ஜன்னலை ஆள் எட்டாத உயரத்தில் வைத்துக் கட்டிய அறை ஒன்று இருக்கிறது. குளிர் அறைக்குக் காவலாக இருக்கும் சாவிக்காரர் தள்ளிக்கொண்டு வரும் உடம்பைத் துடைத்து, தலைசீவி, சொந்தக்காரர்கள் பையில் கொடுத்தனுப்பும் துணியைப் போட்டு, நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆக்கி வெளியே அனுப்புவாள். அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மேக்கப் அக்கா என்று பெயர். பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. "என் கஸ்டமருங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல டாக்டர்" என்பாள்.

உடம்புகளைப் பார்த்து அவளுக்குக் குமட்டியது வேலைக்குச் சேர்ந்த புதிதில் மட்டும்தான். அப்புறம் பழகிவிட்டது. செத்தவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? பழகாமல் போனது உயிரோடிருப்பவர்கள் கொண்டுவரும் துணிதான். அந்தப் பையைப் பிரிக்கும்போதெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். நாப்தலின் உருண்டை வாசம், பூஞ்சை வாசம், வருஷக்கணக்காகக் காற்றுப் படாத பீரோவின் புழுங்கல் வாசம். அதற்குள்ளே ஒரு புத்தம் புதுச் சட்டை. விலைச்சீட்டுகூடக் கிழித்திருக்க மாட்டார்கள். உயிரோடிருந்தவரை காலர் நைந்ததையே போட்டுக்கொண்டு திரிந்த மனுஷனுக்கு மூச்சு நின்ற பிறகு மாப்பிள்ளை உடுப்பு!

அதையும் அப்படியே போட முடியாது. விறைத்த கை மடங்காது. சட்டையின் முதுகை மேலிருந்து கீழே வெட்டித் திறந்து, முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, வெட்டின ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகிவிட வேண்டும். வெளியே நிற்பவர்களுக்கு இது தெரியாது. "பாருங்க, எவ்வளவு பாந்தமா இருக்கு, இதைப் போட மாட்டேன்னு எத்தனை வருஷம் அடம்பிடிச்சாரு" என்று அழுவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போதே பிடித்து வைத்துப் போட்டுவிடுவதற்கு என்ன கேடு என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். கேட்டால் வேலை போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய மாடி வீட்டுக்காரரே வந்து சேர்ந்தார். முந்தின வாரம்தான் படிக்கட்டில் வழிவிட்டு ஒதுங்கி நின்று, "வேலைக்கா?" என்று கேட்டவர். மாடி வீட்டம்மா கொடுத்தனுப்பிய பெட்டியில், கண்ணாடித்தாள் உறைக்குள், சந்தன நிறச் சட்டை ஒன்று இருந்தது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். துருப்பிடித்து, எடுத்த இடத்திலெல்லாம் பழுப்புப் பொட்டு. காலருக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் பட்டை விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. விரித்து உதறினாள். சட்டை மடிப்பு வாக்கிலேயே சர்ரென்று இரண்டாகக் கிழிந்தது.

"என்னக்கா இது, நீ வெட்டறதுக்கு முன்னாடியே வெட்டிக்கிச்சு!" என்றார் சாவிக்காரர்.

"சிரிக்காதீங்கண்ணே. எனக்கு வாந்தி வருது."

உண்மையாகவே வந்தது. கிழிந்த இரண்டு துண்டுகளையும் மார்பின்மேல் பொருத்திக் குண்டூசி குத்தி, கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டு அனுப்பினாள். வெளியே மாடி வீட்டம்மா அவள் கையைப் பிடிக்க வந்து, பாதியில் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அந்தப் புதுச் சட்டை நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று இவள் வாய்கூசாமல் பொய் சொன்னாள். கையை இழுத்துக்கொண்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வேலையைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். வீட்டில் ஒரு மனுஷன் அப்படி இல்லை, அது போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த மனுஷன், அவள் புருஷன், வீடுவீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்துக் குறித்துவரும் உத்தியோகஸ்தர். வருகிற வெள்ளிக்கிழமையோடு ரிடையர் ஆகிறார். ஆபீசில் மேடை போட்டு, பெஞ்சாதியையும் பக்கத்தில் உட்காரவைத்து, மாலை போட்டு வழியனுப்புவார்களாம். இத்தனை வருஷத்தில் அவள் அந்த ஆபீஸ் வாசலைக்கூட மிதித்ததில்லை. அவரும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை என்றதுமே அவளுக்குச் சின்னப் பெண்போல ஒரு பரபரப்பு. தன் உடுப்பை எப்போதோ எடுத்து வைத்துவிட்டாள். கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான். பீரோ நிறையச் சட்டை இருக்க, குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் நாலைந்தையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போகிற ஆள். மேடையிலும் அந்தப் பஞ்சைக் கோலத்தில்தான் வந்து நிற்பார். பார்ப்பவர்கள் அவரையா சொல்வார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் அவர் பிறந்தநாளுக்குத் தன் சம்பளத்தில் ஒரு சட்டை வாங்குவாள். கடையில் அரைமணி நேரம் நின்று, துணியைக் கசக்கிப் பார்த்து, நிறத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து வாங்குவாள். அவரும் பிரித்துப் பார்த்து, "அடேங்கப்பா, பிரமாதம்! நல்ல நாள் வரட்டும், போட்டுக்கறேன்" என்று பீரோவுக்குள் வைத்துவிடுவார். அந்த நல்ல நாள் இன்னும் வந்தபாடில்லை.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. அவர் வேலைக்குப் போனதும் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்துப் பீரோவைத் திறந்தாள். திறந்ததுதான் தாமதம், மேல் தட்டிலிருந்து ஒரு மூட்டை பொத்தென்று தலையில் விழுந்தது. அதிலிருந்து ஒரு கரப்பான் ஓடி அவள் கழுத்து வழியாக இறங்கியது.

"சீ! சனியனே!" என்று குதித்தாள். பிணவறையில் ஒருநாளும் போடாத கூச்சலை அங்கே போட்டாள்.

உள்ளே இருந்த கண்றாவியைச் சொல்லி மாளாது. கல்யாணத்துக்கு முந்தைய கால்சட்டைகள். அவற்றுக்குள் அவருடைய ஒரு தொடை போகும், அவ்வளவுதான். ஜோடி தொலைந்து விறைத்துப்போன காலுறைகள். அக்குள் மஞ்சளித்து அட்டைபோல ஆகிவிட்ட பனியன்கள். ஒரு கால்சட்டைப் பையில் மூக்கைச் சிந்திச் சுருட்டிய கைக்குட்டை காய்ந்து கல்லாக இருந்தது. இன்னொன்றில் பாதி சப்பின மிட்டாய் துணியோடு ஒட்டி, அதைச் சுற்றி எறும்புகள் செத்துக் கிடந்தன. தையல் இடுக்கிலெல்லாம் கரப்பான் முட்டைக் கூடுகள். அடித்தட்டில் எலி ஒரு குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. புழுக்கையோடு நைந்த கம்பளிச் சட்டையை இரண்டு விரலால் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்தாள். இன்னொன்றைத் தூக்கினாள். மறுபடியும் போய்க் கழுவினாள்.

ஆனால் துணி விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. மத்தியானத்துக்குள் கட்டில்மேல் நாலு குவியல் ஆகிவிட்டது. எலி கடித்ததும் கறை ஏறியதும் குப்பைக்கு. நைந்த பனியன்கள் வெந்நீரில் போட்டு அலசினால் தரை துடைக்க ஆகும். பழைய கால்சட்டைகளில் துணி இன்னும் கெட்டியாக இருந்தது. காலை வெட்டித் தைத்தால் கடைக்குப் போகிற பை ஆகும். இடுப்பில் பட்டி பிரித்துவிட்டால் சாம்பல் நிறக் கால்சட்டை ஒன்று இப்போதும் அவருக்குச் சேரும். நாலாவது குவியல்தான் அவளுக்கு ஆறுதல். அவள் வாங்கிய சட்டைகள் எல்லாம் நடுத்தட்டில் பெட்டியோடு இருந்ததால் பிழைத்திருந்தன. ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். போன வருஷம் வாங்கிய நீலச் சட்டையை எடுத்துச் சாம்பல் கால்சட்டைமேல் வைத்துப் பார்த்தாள். ராஜா மாதிரி இருப்பார். குண்டூசியை எடுத்து, வெயிலில் காட்டி, இஸ்திரி போட்டு மாட்டிவைத்தாள். மூக்கைக் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

சாயங்காலம் அவர் வந்து அறை வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

"யாரு உன்ன இதையெல்லாம் எடுக்கச் சொன்னா?"

"எலியும் கரப்பானும் சேர்ந்து மனு கொடுத்துச்சு. இடம் பத்தலையாம்." அவள் நீலச் சட்டையை நீட்டினாள். "இதை ஒரு தடவை போட்டுப் பாருங்க. வெள்ளிக்கிழமைக்கு இதுதான்."

"அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம் அப்புறம்னுதான் மாடி வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாரு. அவர் சட்டை என் கையிலயே ரெண்டாக் கிழிஞ்சுது, தெரியுமா? கையை நீட்டுங்க."

அவர் கையை நீட்டவில்லை. ஹேங்கரின் கொக்கியை மட்டும் நுனிவிரலால் வாங்கி, சட்டை தன்மேல் படாமல் தூரப் பிடித்துக் கதவுக் கைப்பிடியில் மாட்டினார். விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். காலையில் கரப்பான் முட்டையைத் தொட்டுவிட்டு அவளும் இப்படித்தான் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அதனால்தான் அது அவள் கண்ணில் பட்டது.

"அக்கா போன மாசம் கொடுத்த சட்டை இருக்குல்ல, அதைப் போட்டுக்கறேன்" என்றார்.

நாத்தனார் கொடுத்த சட்டை வந்த மறுநாளே அவர் உடம்பில் ஏறியது. இப்போது குளியலறை ஆணியில் தொங்குகிறது. அவள் போய் அந்தக் கதவைத் திறந்து பார்த்தாள். நாத்தனார் கொடுத்தது, வெளியூரிலிருக்கும் மகள் கொடுத்தது, அவரே கடையில் எடுத்தது. எல்லாம் அவரே தோய்த்து, அவரே இஸ்திரி போட்டவை. 'உனக்கு ஏற்கனவே வேலை ஜாஸ்தி, என் துணியை நானே பார்த்துக்கறேன்' என்று கல்யாணமான புதிதில் சொன்னார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று ஆஸ்பத்திரி முழுக்க அவள் பீற்றிக்கொண்டிருக்கிறாள். நர்சுகள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள். ஆணியில் தொங்கியவற்றில் அவள் வாங்கியது ஒன்றுகூட இல்லை. அவள் கைபட்டது ஒன்றுகூட இல்லை.

அவள் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் வாங்கினதை மட்டும் ஏன் போட மாட்டேங்கறீங்க?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் மூஞ்சியைப் பார்க்கவில்லை. மீட்டர் படிக்கிறவர்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தப்பா எடுத்துக்காதே. நீ அங்கேருந்து வர்ற. அந்தக் கையால எடுத்து, பிரிச்சு, மடிச்சுக் கொடுக்கற. உடம்புல போட்டா ஊர்ற மாதிரி இருக்கும். ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், முடியல. நாள் பூரா அந்த நெனப்பாவே இருந்துச்சு."

"கையுறை போட்டுத்தான் வேலை செய்யறேன். அங்கேயே குளிச்சு, வேற உடுப்பு மாத்திக்கிட்டுத்தான் பஸ் ஏறறேன்."

"தெரியும். தெரிஞ்சா மனசு கேட்குமா?"

"அப்ப இந்தக் கையால ஆக்கிப்போட்ட சோத்தை மட்டும் இத்தனை வருஷமா எப்படித் தின்னீங்க?"

இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து முடிவுகட்டி வைத்திருந்த பதில்.

"அது அடுப்புல கொதிக்குதுல்ல."

ஒரு மனுஷன் தினம் மூன்று வேளையும் தட்டின்முன் உட்கார்ந்து, எது கொதித்தது எது கொதிக்கவில்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டே தின்றிருக்கிறான். அவள் நறுக்கி வைக்கும் பழத்தை அவர் தொடாததும், 'எனக்குப் பல் கூசும்' என்றதும் நினைவுக்கு வந்தது. தண்ணீரை அவரே மொண்டு குடிப்பதும் நினைவுக்கு வந்தது. இன்னொரு கேள்வி அவள் தொண்டைவரை வந்தது. இதே கட்டிலைப் பற்றிய கேள்வி. அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்குமோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள். மாடி வீட்டம்மாவாவது நேருக்கு நேராகக் கையை இழுத்துக்கொண்டாள். இந்த ஆள் சிரித்த முகத்தோடு, பிரமாதம் பிரமாதம் என்று, வருஷா வருஷம் அவளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். எலிப் புழுக்கையைக் கண்டபோது வராத அருவருப்பு அவரைப் பார்த்து வந்தது.

மறுநாள் காலை நாலாவது குவியலை அப்படியே இரண்டு பைகளில் அடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். உரிமை கொண்டாட ஆளில்லாத உடம்புகள் குளிர் அறையில் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். ரோட்டில் விழுந்தவர்கள், யாரும் தேடி வராதவர்கள். போட்டிருந்த துணியை போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும். அவர்கள் வெறும் போர்வையோடுதான் போவார்கள்.

"இவங்களுக்குச் சட்டை போட்டா யாராவது கேட்பாங்களாண்ணே?"

சாவிக்காரர் பைகளை எட்டிப் பார்த்தார். "போர்வையோட அனுப்பறதையே யாரும் கேட்கல. சட்டைக்கா கேட்கப் போறாங்க? ஆமா, இவ்வளவு நல்ல சட்டையெல்லாம் யாரோடது?"

"போடறதுக்கு ஆள் இல்லாததுண்ணே."

அன்று தாடியோடு ஒரு கிழவருக்குக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுவிட்டாள். அளவு கொஞ்சம் பெரிது. பின்னால் இழுத்துச் செருகினதும் கச்சிதமாகிவிட்டது.

நீலச் சட்டையை மட்டும் அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது கதவுக் கைப்பிடியிலேயே தொங்கியது. வெள்ளிக்கிழமை அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், நடந்ததையெல்லாம் விழுங்கிவிடலாம் என்று நினைத்தாள். அவ்வளவு வருஷ வாழ்க்கையை ஒரே சாயங்காலத்தில் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. வெட்கம் கெட்ட மனசு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே அந்தச் சட்டையின் காலரை ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்தே வெயில் கொளுத்தியது. ஆபீஸ் கார் வந்து கூட்டிக்கொண்டு போகும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் உடுத்தி, தலைவாரி முன் அறையில் உட்கார்ந்திருந்தாள். உள் அறையிலிருந்து அவர் வெளியே வந்தார்.

நீலச் சட்டை. அவரே பட்டி பிரித்துத் தோய்த்த சாம்பல் கால்சட்டை. அவள் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

"பாரு, போட்டுட்டேன். சந்தோஷமா?" என்றார். பரீட்சையில் தேறிய பிள்ளைபோலச் சிரித்தார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சே, பாவம், பயந்த மனுஷன், ஏதோ உளறிவிட்டார், அதற்காக இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோமே என்றுகூட நினைத்தாள். எழுந்து கிட்டே போய், மார்பில் இன்னும் தெரிந்த மடிப்புக் கோட்டைத் தடவிவிடக் கையை நீட்டினாள். அப்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தாள். நீலக் கைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்தது.

அவள் கழுத்தைப் பார்த்தாள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே கைக்குட்டையை நாலாக மடித்துச் சுற்றிலும் செருகியிருந்தார். குளிர்காலத்தில் போடும் முழுக்கைப் பனியனை உள்ளே போட்டு, அதை இடுப்புவரை இழுத்துவிட்டு, சட்டை ஓரிடத்திலும் தோலில் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெற்றியிலிருந்து வியர்வை தாரையாக இறங்கிக் கொண்டிருந்தது.

"உள்ள என்ன?"

"அது... வேர்வையை உறிஞ்சுமேன்னு."

அவள் நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். இந்த ஆளைத் தொடுவதற்கு இப்போது அவளுக்குக் கூசியது.

"கழட்டுங்க."

"என்ன விளையாடறியா? கார் வந்துடும்."

"கழட்டுங்க. அந்தச் சட்டைக்கு ஆள் இருக்கு."

"ஆளா? யாரு?"

"பேர் தெரியாது. நேத்து சாயங்காலம் கொண்டுவந்து போட்டாங்க. உங்க அளவுதான். இனிமே இது அவருக்குத்தான்."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. பொத்தான்களைக் கழற்றக்கூட அவருக்குப் பொறுமையில்லை. மேல் இரண்டைப் பிய்த்துக்கொண்டு, தலைவழியாக உருவி, கையை உதறி உதறி, சுவரோடு ஒண்டிக்கொண்டார். அவர் ஒரு சட்டையை இவ்வளவு வேகமாகக் கழற்றி அவள் பார்த்ததில்லை. வாசலில் கார் ஹாரன் அடித்தது.

"நீ வரலையா?" என்று பனியனோடு நின்றுகொண்டு கேட்டார்.

அவள் தரையில் கிடந்த சட்டையை எடுத்து உதறி, தெறித்த பொத்தான்களைப் பொறுக்கி அதன் பையில் போட்டு, மடித்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள்.